ஐந்தின் மேல் ஒரு புள்ளி

பட்டன் போனின் நடுவிலுள்ள 5ஐத் தடவிப் பார்த்தால் சின்னதாக ஒரு மேடு விரலில் தட்டுப்படும். கண் தெரியாதவரும் இருட்டில் இருப்பவரும் விரலாலேயே எண்களைக் கண்டுகொள்ள வைத்த புள்ளி அது. அதற்கு மேலே 2, கீழே 8, இன்னும் கீழே 0. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஏதாவதோர் ஒழுங்கைக்குள், மாலை மங்கிய பிறகு திண்ணையில் இருக்கும் ஓர் ஆச்சிக்கு அந்தப் புள்ளி நல்ல பழக்கம். கண்ணில் படலம் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. விரல் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.

அந்த விரல் வெங்காயம் நட்ட விரல். செம்மண்ணில் களை பிடுங்கி, புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் கட்டி, உலர்ந்து வெடித்துத் தடித்த விரல். தொடுதிரை, விரல் தோல் கடத்தும் மெல்லிய மின்தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. காய்ந்து தடித்த தோலை அது பல வேளை விரலாகவே ஏற்பதில்லை. பிள்ளைகள் சுவிஸிலிருந்து அனுப்பிய டச் போன் அலுமாரிக்குள் பெட்டியோடு இருக்க, பட்டன் போன் மட்டும் பொலித்தீன் பையில் சுற்றியபடி யன்னல் கட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருவது அந்த யன்னலில்தான். கோல் வந்தால் ஆச்சி அங்கே போய் நின்றுதான் கதைப்பார். இப்படியான ஆச்சிமார் குடாநாட்டின் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் எவருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

ஒரு நாள் அந்த போன் செத்துவிடும். கீழே விழுந்து உடையாது. தண்ணீர் புகாது. பற்றரி இருக்கும், பட்டன்கள் அமரும், ரோர்ச் வெளிச்சம் எரியும். ஆனாலும் குரல் வராது. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் உயிர் மட்டும் போகும் இந்தச் சாவை என்னவென்று சொல்வது? உடம்பு எது, உயிர் எது, ஒடுங்குவது எது, மிஞ்சுவது எது என்று எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் சைவ சித்தாந்தம் ஊறிய மண் இது. அந்த மண்ணில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பது தகும்.

முதலில் நடப்பது என்னவென்று தெரிய வேண்டும். கைபேசிச் சேவைகள் எல்லாம் அலைக்கற்றை என்ற கண்ணுக்குத் தெரியாத நிலத்தில் பயிர் செய்கின்றன. 1991இல் பின்லாந்தில் முதன்முதல் வணிகச் சேவையாகத் தொடங்கிய ஜி.எஸ்.எம் என்ற 2ஜி, குரலையும் குறுஞ்செய்தியையும் சுமப்பதற்காகக் கட்டப்பட்டது. பின்னால் 3ஜி வந்தது. அதன் பின்னால் வந்த 4ஜி முழுக்கத் தரவுக்காகவே கட்டப்பட்ட வலை. ஒரே அளவு அலைக்கற்றையில் 4ஜி சுமக்கும் சுமை 2ஜி சுமப்பதைப் போலப் பல மடங்கு. ஆகவே நிறுவனங்கள் பழைய பயிரைப் பிடுங்கிவிட்டு அதே நிலத்தில் புதிதை நடுகின்றன. பிடுங்கிய அன்று, பழையதை மட்டுமே உண்ணத் தெரிந்த கருவி பட்டினி கிடக்கும்.

சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை நிறுத்தியது. அமெரிக்காவில் ஏ.டி.அன்ட்.டி அதே ஆண்டின் முதல் நாளிலேயே நிறுத்தியிருந்தது. சுவிற்சர்லாந்தின் சுவிஸ்கொம் 2021க்குள் அணைத்துவிட்டது. பிரித்தானியாவில் 2033க்குள் 2ஜி முடிந்துவிடும் என்று அரசும் நிறுவனங்களும் சொல்லியிருக்கின்றன. இந்தியாவில் நடப்பது தலைகீழ்: ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்திருக்கிறது. நடுவில் பிறந்தது முதலில் போக, மூத்தது நிற்கிறது. பட்டன் போன்காரர் அங்கே கோடிக்கணக்கில் இருப்பது ஒரு காரணம். மின்மானி, வங்கி அட்டை இயந்திரம் முதலிய பேசாத பொருட்களும் 2ஜியில் தொங்குவது இன்னொரு காரணம். உலகம் போகும் போக்கைப் பார்த்தால் அணைக்கும் நாள் இலங்கைக்கும் வரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 4ஜி என்று பெட்டியில் எழுதியிருக்கும் போன் எல்லாமே 4ஜியில் கதைப்பதில்லை. அந்த வலையில் குரல் போக வோல்டி என்ற தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத போன், கோல் வந்தவுடன் சத்தமில்லாமல் பழைய வலைக்கு இறங்கிவந்து கதைத்துவிட்டு மேலே ஏறிவிடும். படம் பார்க்கிறோம், வட்சப் பார்க்கிறோம், நம்முடையது புதிய போன் என்று இருப்பவரும், குரல் என்று வரும்போது தெரியாமலே பழைய வலையில் சாய்ந்திருக்கக்கூடும்.

சாய்ந்திருத்தல் என்பதற்குச் சித்தாந்தத்தில் ஓர் இடம் உண்டு. உயிரின் இயல்பைச் சொல்லும்போது அது சார்ந்ததன் வண்ணமாகும் என்பார்கள். பளிங்கு பக்கத்திலிருக்கும் பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சாருகிறதோ அதுவாகத் தோன்றும். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் வெளிச்சமில்லாமல் அது பாராது. உயிருக்கு அறியும் ஆற்றல் இருந்தும் துணையில்லாமல் அது அறியாது. தன்னந்தனியாக நின்று அறியும் பொருள் இறைவன் ஒருவனே. மற்ற எல்லாம் துணையால் வாழ்வன. இந்தக் கண்ணோடு யன்னலில் இருக்கும் போனைப் பார்த்தால், அது தனிப்பொருளாக ஒரு நாளும் இருந்ததில்லை என்று தெரியும். விலைகொடுத்து வாங்கியது கூடு மட்டும். கதைக்கும் தன்மை மல்லாகத்துப் பக்கமோ சுன்னாகத்துப் பக்கமோ நிற்கும் ஏதோ ஒரு கோபுரத்திடமிருந்து நொடிக்கு நொடி வந்துகொண்டிருந்தது.

அப்படியானால் அந்தத் துணையை விலக்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு, எந்த நோக்கத்துக்காக? இந்தக் கட்டுரை கேட்க வந்தது இதைத்தான்.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம் கொண்டது. அதன் முதல் சூத்திரமே ஒடுக்கத்தைப் பற்றியது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. எங்கே ஒடுங்கியதோ அங்கிருந்தே மறுபடி தோன்றுகிறது. சித்தாந்திகள் சற்காரியவாதிகள். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அவர்கள் கட்சி. குடம் உடைந்தால் மண் போய்விடுவதில்லை. மாயை என்ற மூலப்பொருள் தூலமாக விரிவதும் சூக்குமமாக ஒடுங்குவதும்தான் நாம் பிறப்பு இறப்பு என்று சொல்வது.

அலைக்கற்றை இதற்கு அப்படியே பொருந்துகிறது. 2ஜி மூடப்படும்போது அலை அழிவதில்லை. அதே அலை 4ஜியாகவோ 5ஜியாகவோ வேறு உருவெடுக்கிறது. பொறியியலாளர் பார்வையில் ஒன்றும் இழப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து பழைய வடிவம் ஒடுங்கிப் புதிய வடிவம் தோன்றுகிறது. அவ்வளவில் நிறுத்திக்கொண்டால் ஆச்சியின் கவலைக்கு இடமே இல்லை.

சித்தாந்தம் அவ்வளவில் நிறுத்தவில்லை. இந்தத் தோற்றமும் ஒடுக்கமும் யாருக்காக என்று அடுத்த கேள்வி கேட்கிறது. மாயைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, அது சடம். இறைவனுக்கு ஒரு தேவையும் இல்லை. அப்படியானால் உயிருக்காக. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் இறைவனின் ஐந்தொழிலையும் அருள் என்று விளக்கும் இடத்தில், அழித்தலுக்கு அவர் சொல்லும் நோக்கம் வியக்கவைப்பது. பிறந்து இறந்து களைத்த உயிர் சற்று இளைப்பாறட்டும் என்பதற்காகவே ஒடுக்கம் என்கிறார் அவர். தண்டனையென்றோ விளையாட்டென்றோ பழையது என்பதால் வந்த சலிப்பென்றோ அவர் சொல்லவில்லை. பகலெல்லாம் வேலை செய்தவருக்கு இரவு வருவதுபோல ஒடுக்கம் வருகிறது.

ஒரு நிறுவனத்தின் தொழிலை இறைவனின் தொழிலோடு ஒப்பிடலாமா என்று கேட்கத் தோன்றும். ஒப்பிடுவதற்காக இங்கே இது சொல்லப்படவில்லை. அழித்தல் என்ற செயலைச் செய்பவர் யாராயினும், அதன் பயன் எந்த உயிருக்குச் சேருகிறது என்று கேட்கும் பழக்கத்தை நம் முன்னோர் கடவுளிடமே வைத்திருந்தார்கள். கடவுளிடம் கேட்ட கேள்வியை மனிதரிடம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

மூடுகிறவர் பக்கத்தில் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்தக் கேள்விக்கே மதிப்பில்லை. 2020இலும் 2021இலும் கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடக்க, இலங்கையின் மலைக் கிராமங்களில் மாணவர்கள் இணையம் தேடிப் பாறை மேல் ஏறினார்கள், மரத்தின் மேல் பரண் கட்டி இருந்தார்கள். ஆச்சியின் இரண்டு நிமிடக் கோலுக்காக ஒதுக்கிய அலைக்கற்றை அந்தப் பிள்ளையின் கணக்குப் பாடத்துக்குத் தேவைப்படுகிறது. அந்தப் பிள்ளையும் உயிர்தான். அலைக்கற்றை அளவோடுதான் உண்டு. ஒரே வலைக்கு மூன்று தலைமுறைக் கருவியை நிறுத்தி மின்சாரம் கொடுப்பது எந்த நாட்டுக்கும் செலவு. பழையது ஒருநாள் விலகத்தான் வேண்டும். விலகும் விதத்தில்தான் வழக்கு.

விலகும் விதத்துக்கு அளவெட்டி கண்ட எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. இந்த ஊர் கவிஞர் மஹாகவியையும் எழுத்தாளர் அ.ந. கந்தசாமியையும் தந்த ஊர். அதைவிட, மேளம் என்றால் ஈழத்தில் நினைவுக்கு வரும் ஊர். நாதஸ்வரத்துக்கு என்.கே. பத்மநாதன், தவிலுக்கு வி. தெட்சணாமூர்த்தி. கும்பிழாவளைப் பிள்ளையார் வீதியில் நாயன ஓசை கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும்: இன்று நாம் கேட்கும் நாயனம் பழைய நாயனமில்லை. முன்பு வாசித்தது திமிரி. குட்டையானது, நாலரை, ஐந்து கட்டையில் கூர்மையாக ஒலிப்பது, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வீதியுலாவில் நாலு ஒழுங்கை தாண்டிக் கேட்பது. அதன் இடத்துக்குப் பாரி நாயனம் வந்தது. நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டையில் கனிந்து ஒலிப்பது. இந்த மாற்றத்துக்குத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தூண்டுதலாக இருந்தார். அவருக்காகப் பாரியைச் செம்மையாக்கிக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, திமிரிக்கு எவரும் நாள் குறிக்கவில்லை என்பது. ஒரு வித்துவான் மாறினார், அடுத்தவர் கேட்டு மாறினார், சீடர் மாறினார், ஊர்க்காதும் மெல்லப் பழகிற்று. மாற மனமில்லாத ஒருவர் சாகும்வரை திமிரியையே வாசித்திருக்கலாம். அவரைத் தடுக்கும் சக்தி எதுவும் இருக்கவில்லை. இன்றும் பரணில் கிடக்கும் திமிரியைத் துடைத்துச் சீவாளி வைத்து ஊதினால் அது ஒலிக்கும். அதற்கு வேண்டியது மூச்சு. மூச்சு ஊதுகிறவரிடமே இருக்கிறது.

கழிவதும் கழிக்கப்படுவதும் வேறு. நன்னூலார் பழையது போய்ப் புதியது வருவதைக் காலத்தின் வழக்கென்று இலக்கணமாகவே ஏற்றுக்கொண்டார். சொற்களைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு, ஏனென்றால் ஒரு சொல் வழக்கொழிவது பேசுகிறவர்கள் அதை விட்டுவிடுவதால். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து ஒரு சொல்லை எவரும் பிடுங்கிக்கொள்வதில்லை.

கழிந்ததென்று நினைத்தது திரும்பி வந்து உயிர்காத்த கதை இந்தக் குடாநாட்டுக்கு மனப்பாடம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகப் போயின. அதன்பின் பல ஆண்டுகள், வெளிநாட்டிலுள்ள மகனின் குரலைக் கேட்பதற்குக் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வவுனியாவோ கொழும்போ போகவேண்டியிருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சிறு திரி வைத்து விளக்காக்கினார்கள். பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் பி.பி.சி தமிழோசை கேட்டார்கள். சைக்கிள் டைனமோ முகப்பு விளக்குக்காகச் செய்த பொருள். அது ஒரு வீட்டுக்கு, சிலவேளை ஓர் ஒழுங்கைக்கே, உலகச் செய்தியின் வாசலாயிற்று. எளிய பொருளின் பெருமை இதுதான்: அதை இயக்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இலங்கையின் முதல் கைபேசிச் சேவை, செல்டெல், 1989இல் தொடங்கியது. டயலொக்கின் ஜி.எஸ்.எம் சேவை 1995இல். அதே 1995இன் ஒக்டோபர் 30 அன்றுதான் அளவெட்டி உட்பட வலிகாமப் பகுதி முழுவதும் போருக்கு அஞ்சி மூட்டை முடிச்சோடு செம்மணி வெளியைத் தாண்டி நடந்தது. கொழும்புக்கு 2ஜி வந்த ஆண்டு வலிகாமத்துக்கு இடப்பெயர்வின் ஆண்டு. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகே கைபேசி குடாநாட்டில் கால்வைத்தது. கொஞ்சம் தள்ளி, 2005ஐ ஒட்டி, சி.டி.எம்.ஏ போன்கள் வந்தன. மேசைப் போன் போலவே இருக்கும், கம்பி இருக்காது, முதுகில் ஓர் அன்ரெனா. தூண் நட்டுக் கம்பி இழுக்கக் காத்திருந்து அலுத்த வீடுகளுக்கு அது பெரிய வரம். 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டு, குடாநாடு மறுபடி தீவு போலானபோது, சேவை இருந்த நேரத்தில் ஒலித்த அந்த மணிக்காகத் தாய்மார் எத்தனை இரவு விழித்திருந்தார்கள் என்பது வீட்டுக்கு வீடு கதையாக இருக்கிறது.

பின்னாளில் அந்த சி.டி.எம்.ஏ வலையும் முடிந்தது. சந்தாதாரர்கள் எல்.டி.இ என்ற 4ஜி இணைப்புக்கு மாற்றப்பட்டார்கள். இன்னும் சில வீடுகளில் அந்தப் பெட்டி பூத்தையல் துணி போர்த்தியபடி சுவாமியறைக்கு அருகில் இருக்கக் காணலாம். மற்ற நாடுகளுக்கு 2ஜி முப்பது ஆண்டுப் பழையது. இந்த ஊருக்கு அது நேற்று வந்த விருந்தாளி. வந்த களை ஆறுமுன் போகச் சொல்லப்போகிறார்கள். பழமை என்பதைக் கருவி பிறந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவதா, அது ஒருவர் கைக்கு வந்துசேர்ந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவதா?

2022இல் நாடு கடனில் மூழ்கியபோதும் பட்டன் போனின் அருமை தெரிந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போயிற்று. டச் போன்கள் நண்பகலுக்குள் அணைந்தன. பட்டன் போன் நாட்கணக்கில் நின்றது. டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது சில மாதங்களில் 360 வரை ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கருவியின் விலையும் அதோடு ஏறிற்று. புதியதுக்கு மாறுங்கள் என்ற ஒற்றை வரி, கூலிக்கு வெங்காயம் கிண்டும் ஒரு வீட்டில் எத்தனை நாள் சம்பளமாகும் என்று அப்போது கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி, மாற்றித் தருவது என்றால் என்ன? இதற்கும் சித்தாந்தத்தில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒடுங்கிய உயிருக்கு இறைவன் மறுபடி உலகைத் தரும்போது நான்கைச் சேர்த்துத் தருகிறான் என்பார்கள்: தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, உடம்பை இயக்கும் கருவிகள், வாழும் இடம், நுகரும் பயன். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பிறவி நடக்காது. உடம்பைக் கொடுத்து மனத்தைக் கொடுக்காமல் விடுவதில்லை. இரண்டையும் கொடுத்து, நிற்க உலகமில்லாமல் விடுவதும் இல்லை.

அலுமாரிக்குள் இருக்கும் டச் போனுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். தனு வந்துவிட்டது, பளபளப்பாக. கரணம்? உலர்ந்த விரலுக்கு இணங்காத திரை, படலம் விழுந்த கண்ணுக்கு எட்டாத எழுத்து, எந்தப் படத்தைத் தொட்டால் எது திறக்கும் என்று பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லாத வீடு. புவனம்? யன்னல் கட்டைத் தாண்டினால் சிக்னல் விழும் வளவு, மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் டேட்டா. போகம்? ஆச்சிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பிள்ளைகளின் குரல். படம் வருவது சந்தோஷம்தான். பேரப்பிள்ளையின் முகம் திரையில் வந்த அன்று அவர் அழுதிருக்கிறார். ஆனால் அடுத்த நாள் அதைத் தானே எடுக்கத் தெரியாமல் போனபோது வந்த அழுகை வேறு. நான்கில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று சொல்லமுடியாது. பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நிறுவனத்துக்கும் அரசுக்கும் இன்னும் கூடப் பொருந்தும்.

பெரிய நாடொன்று இந்தப் பாடத்தைக் கடைசி நேரத்தில் படித்தது. யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர் குடியிருக்கும் சிட்னி உள்ளிட்ட அவுஸ்திரேலியாவில், 3ஜியை 2024 நடுப்பகுதியில் நிறுத்துவதாக இருந்தார்கள். அப்போது ஓர் உண்மை தலைகாட்டிற்று. அன்றாடம் 4ஜியில் நன்றாகக் கதைக்கும் சில போன்கள், அவசர எண்ணான 000ஐ அழைக்கும்போது மட்டும் 3ஜிக்கு இறங்குகின்றன. 3ஜி போனால், அந்தப் போன் வைத்திருப்பவருக்குத் தன் போன் முடமானது தெரியாது. மாரடைப்பு வந்த இரவில்தான் தெரியும். நாள் தள்ளிப்போடப்பட்டது. ஒக்டோபர் 28 அன்றே டெல்ஸ்ராவும் ஒப்டஸும் அணைக்கத் தொடங்கின. அதற்குமுன் வாடிக்கையாளர் தங்கள் போனிலிருந்து 3498 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அது தாக்குப்பிடிக்குமா என்று அறிந்துகொள்ள வழிசெய்தார்கள். 000ஐ எட்டாத கருவிக்குச் சேவையே கொடுக்கக்கூடாது என்று விதியும் வந்தது.

அந்த விதி பலருக்குக் கோபமூட்டியது, வேலை செய்யும் போனை முடக்குகிறார்களே என்று. ஆனாலும் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருந்தது: கடைசியாக மிஞ்சுகிறவர் யார், அவருக்கு ஆபத்து வந்தால் என்ன ஆகும்? பெரும்பாலானோர் மாறிவிட்டார்கள் என்ற விழுக்காட்டுக் கணக்கில் அந்தக் கடைசி ஆள் தெரியமாட்டார். மாறாமல் நிற்பவர் பெரும்பாலும் முதியவர், ஏழை, எழுத்தறியாதவர், தனியே இருப்பவர். துணை மிகவும் தேவைப்படுபவர்களே துணை விலகும்போது கடைசியாக நிற்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் சுமைதாங்கிகள் நிற்கின்றன. தலைச்சுமையோடு போகிறவர் இன்னொருவர் உதவியின்றி இறக்கிவைத்து, களைப்பாறி, மறுபடி தூக்கிக்கொள்ளும் உயரத்தில் கட்டியவை. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றைக் கட்டும் வழக்கம் இருந்தது. அவள் இறக்கிவைக்காத சுமையை இன்னொருவர் இறக்கிவைக்கட்டும் என்று. பக்கத்தில் மாடுகள் உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், குடிக்கக் கேணி, தங்க மடம். லொறியும் ஓட்டோவும் வந்தபின் தலைச்சுமைக்காரர் இல்லாமல் போனார்கள். ஆனாலும் கட்டியவரின் பேரன் வந்து, இனி இது எங்கள் காணி, இடிக்கிறோம் என்று சொல்வது அறமாகக் கருதப்படவில்லை. வீதி அகலிக்கப்பட்டபோது சில போயின, மற்றவை நிற்கின்றன. வழிப்போக்கருக்கென்று கொடுத்தது வழிப்போக்கருடையது.

கைபேசி வலை தருமக் கட்டளை இல்லை, காசுக்குக் கிடைக்கும் சேவை. அது உண்மை. அதே அளவு உண்மை, அந்த வலை ஓடும் அலைக்கற்றை எந்த நிறுவனமும் படைத்ததில்லை என்பது. அது நாட்டின் பொதுச் சொத்து. உரிமம் கொடுத்து, கட்டணம் வாங்கி, அரசு அதைப் பயன்படுத்தக் கொடுக்கிறது. காற்று வெளியில் கட்டிய சுமைதாங்கி என்று அதைக் கொள்ளலாம். இடிக்குமுன் அந்த வழியே இன்னும் சுமையோடு வருகிறவர் உண்டா என்று நின்று பார்ப்பது, கட்டியவருக்கும் உரிமம் கொடுத்தவருக்கும் உள்ள கடமை. பார்ப்பது என்றால் குறுஞ்செய்தியில் ஆங்கில அறிவிப்பு ஒன்று அனுப்புவது இல்லை. கோயில் ஒலிபெருக்கியில் சொல்லலாம். சங்கக்கடையிலும் ரீலோட் கடையிலும் எழுதி ஒட்டலாம். கிராம அலுவலருக்கு எந்த வீட்டில் யார் தனியே இருக்கிறார் என்று தெரியும். புதிய வலையிலும் பட்டன் போன் உண்டு. 4ஜியில் கதைக்கும் பட்டன் போன்கள் சந்தையில் விற்கின்றன. பழையதைக் கொண்டுவந்தால் அப்படி ஒன்றை மாற்றிக்கொடுப்பது பெரிய நிறுவனத்துக்கு மலையைப் புரட்டும் வேலை இல்லை.

அளவெட்டிக்கு, ஒடுங்கியதை உரு மாற்றிக் கரைசேர்க்கத் தெரியும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார், நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில். அவர் வாசிப்பு ஸ்பூல் நாடாக்களில் இருந்தது. ஸ்பூல் இயந்திரம் வழக்கொழிந்தபோது யாரோ அதை கசெற்றுக்கு மாற்றினார்கள். கசெற் போகுமுன் யாரோ குறுவட்டுக்கு ஏற்றினார்கள். இடப்பெயர்வில் சோற்றுப் பானையை விட்டுவிட்டு நாடாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் இருந்திருப்பார்கள் என்று நம்பத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் இத்தனை ஒலி எப்படி மிஞ்சும்? அம்ஷன் குமார் இயக்கிய ‘யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி’ ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருது பெற்றது. இயந்திரம் இரண்டு முறை செத்தது. ஒவ்வொரு முறையும், சாகுமுன், ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக ஒன்றிலிருந்து மற்றதற்கு நாதத்தை இறக்கினார்.

ஆச்சியின் பேத்தி இப்போது செய்வதும் அந்த வேலைதான். அருணோதயக் கல்லூரியில் படிக்கும் வயதுப் பிள்ளை. பட்டன் போனிலிருந்த எண்களை ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். பிறகு, இனி வரப்போகும் போனும் பட்டன் வைத்ததாக, 5இல் புள்ளி உள்ளதாக இருக்கவேண்டும் என்று சித்தப்பாவிடம் அடம்பிடித்திருக்கிறாள். சித்தப்பா சரி என்றுவிட்டார்.

இன்னொன்றும் அவள் செய்தாள். இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரிய 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைக்கப்பட்டு வடக்குக்கும் வந்தது. அதை அழைக்கும் எண் 1990. மின்சாரமும் தொலைபேசியும் போன அந்த ஆண்டை ஆச்சிக்கு யாரும் மனப்பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

“இஞ்ச பாருங்கோ ஆச்சி, புள்ளியில விரல வையுங்கோ. மூலைக்கு மேல, இடப்பக்கம் ஒண்டு. திரும்பப் புள்ளி. மூலைக்குக் கீழ, வலப்பக்கம் ஒன்பது. ரெண்டு தரம் அமத்துங்கோ. திரும்பப் புள்ளி. நேர கீழ இறங்கினாக் கடைசிப் பட்டன் சைபர்.”

போனை அணைத்துவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பிடித்து நாலு முறை செய்துகாட்டினாள். ஐந்தாம் முறை ஆச்சி தானே அமத்தினார்.